வேர்ப்பட்டையில் சிவப்பு, இலையில் நீலம்: ஆரணி வட்டாரச் சாயத்தொழிலின் தாவரவியல் வரலாறு

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில், மேற்கே ஜவ்வாது மலைத்தொடர் தெரிய அமைந்துள்ள கண்ணமங்கலம், ஆரணி வட்டத்துப் பட்டுநெசவு ஊர்களுள் ஒன்று. ஆரணிப் பட்டு என்ற பெயரில் கடைகளுக்குச் செல்லும் சேலைகள் ஆரணி நகரத் தறிகளில் மட்டுமன்றி, இவ்வூரிலும் தேவிகாபுரம் முதலிய பிற ஊர்களிலும் நெய்யப்படுகின்றன. இத்தறிகளின் வரலாற்றை எழுதுவோர் நெசவாளர், வணிகர், கூட்டுறவுச் சங்கம், ஜரிகை ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசுவர். நூலுக்கு நிறம் தந்த செடிகளுக்கு வரும்போது மட்டும் பெயர்ப்பட்டியலோடு நின்றுவிடுவர். பழைய சாயத்தொழிலின் நுட்பம் அந்தப் பட்டியலில் அடங்குவதன்று. வேர், தண்டு, இலை, காய், விதை என ஒரு செடியில் உறுப்புகள் பல இருக்க, நிறம் அவற்றுள் ஒன்றில், அவ்வுறுப்பிலும் குறிப்பிட்ட ஒரு திசுவிலேயே சேர்கிறது; திசு என்பது ஒரு பணியை முன்னிட்டு ஒத்த அமைப்போடு கூடி நிற்கும் உயிரணுக்களின் தொகுதி. எந்த உறுப்பை எந்தப் பருவத்தில் எடுத்து, எப்படி உரித்து, இடித்து, ஊறவைத்தால் நிறம் இறங்கும் என்று தொண்டை மண்டலத்துச் சாயக்காரர் வகுத்துக்கொண்ட முறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவை அந்தந்தத் திசு செடியின் வாழ்வில் செய்யும் வேலையைப் பின்பற்றியே அமைந்திருப்பது புலப்படும்.

ஆரணியின் புகழ் பட்டால் தொடங்கியதன்று. 19ஆம் நூற்றாண்டில் ஆரணி என்றால் மஸ்லின் எனப்பட்ட நுண்ணிய பருத்தித் துணியே வணிகர் நினைவுக்கு வந்தது. இந்தியத் துணிவகைகளைப் பற்றி ஃபோர்ப்ஸ் வாட்சன் 1866இல் வெளியிட்ட நூலில் ஆரணி மஸ்லினுக்கும் இடம் உண்டு. அந்த மஸ்லினின் மூலப்பொருளே தாவரத் திசுவின் வியப்புகளுள் ஒன்று. பருத்தியிழை ஒவ்வொன்றும் ஒரே ஓர் உயிரணு. விதையின் மேல்தோலில் உள்ள அணுக்களுள் ஒரு பகுதி, பூ மலரும் நாளையொட்டி நீளத் தொடங்கி, ஏறத்தாழ மூன்று வாரம் வளர்ந்தபின், தன் சுவரின் உட்புறத்தில் செல்லுலோஸைப் படலம் படலமாகச் சேர்த்துக்கொள்கிறது. காய் வெடிக்கும்போது அணு இறந்து, உள்ளிருந்த நீர் வற்றி, குழல்வடிவம் தட்டையாகி முறுக்கிக்கொள்ள, அந்த இயற்கை முறுக்கே இழைகளை ஒன்றோடொன்று பற்றவைத்து நூற்பதற்கு இடம் தருகிறது. செல்லுலோஸ் சாயத்தை எளிதில் ஏற்காது என்பதால், பருத்திக்கு நிலையான நிறம் ஏற்றுவது பட்டு, கம்பளி போன்ற இழைகளைக் காட்டிலும் கடினமான வேலையாக இருந்தது. சோழமண்டலக் கரையின் சாயக்கலை உலகப் புகழ் பெற்றதற்கு இந்தக் கடினத்தை வென்றதே காரணம்.

வென்ற கருவிகளுள் முதன்மையானது சாயவேர். இம்பூறல் என்று மருத்துவர் அழைக்கும், ஓல்டன்லாண்டியா அம்பெல்லாட்டா என்று தாவரவியலார் குறிக்கும் இந்தச் சிறு பூண்டு, தரைக்குமேல் ஒரு சாண் அளவுக்கே வளர்ந்தாலும், மணற்பாங்கான நிலத்தில் தன் வேரை நேராக ஆழத்துக்கு அனுப்புகிறது. வேரின் நடுவே நீரை மேலேற்றும் கட்டைப்பகுதி இருக்கிறது. தாவரவியலில் அதற்குச் சைலம் என்று பெயர். அதைச் சூழ்ந்துள்ள பட்டைப்பகுதியில், இலை சமைத்த உணவைக் கீழிறக்கும் ஃபுளோயம் என்ற திசுவும், சேமிப்பு அணுக்களும், மண்ணிலுள்ள பூஞ்சைகளையும் புழுக்களையும் தடுத்து நிற்கும் மேலடுக்குகளும் உள்ளன. அலிசரின் என்ற சிவப்பு நிறப்பொருளும் அதன் உறவுப்பொருள்களும் தங்குவது இந்தப் பட்டையில்தான். உட்கட்டையில் நிறம் இல்லை. உணவு ஓடும் பாதை மண்ணோடு உரசி நிற்கும் இடத்தில் காவற்பொருள்களைக் குவித்துவைப்பது செடிக்குப் பயன் தரும் ஏற்பாடு. அந்தக் காவலே மனிதனுக்குச் சிவப்பாகக் கிடைத்தது.

இந்த அமைப்பிலிருந்து ஒரு கணக்குப் பிறக்கிறது. நிறம் பட்டையில் மட்டும் இருப்பதால், வேர் பருக்கப் பருக்கக் கட்டையின் பங்கு கூடி, எடைக்கு எடை நிறத்தின் பங்கு குறையும். எனவே மெல்லிய வேரே விலையுயர்ந்த வேர். ஆரணிப் பகுதியின் மானாவாரி நிலங்களிலும் வரப்புகளிலும் தானாக முளைக்கும் நுணா மரமும், அதாவது மஞ்சணத்தியும், சாயவேரின் குடும்பத்தையே சேர்ந்தது; அதன் வேர்ப்பட்டையிலும் செஞ்சாயம் உண்டு. இந்த இனத்து மரங்களை மூன்று நான்கு ஆண்டு வயதிலேயே தோண்டி, மெல்லிய வேர்களை உயர்ந்த தரமாகப் பிரித்து, பருத்த வேர்களைத் தள்ளிவிடுவது சாய வணிகத்தின் வழக்கமாக இருந்தது. சாயவேருக்கு மணல் நிலத்தை விரும்பியதற்கும் இதுவே விளக்கம்: இறுகிய களிமண்ணில் வேர் கிளைத்துக் குட்டையாகிவிடும், தோண்டும்போது அறுந்து பட்டையும் சிதையும், நெகிழ்ந்த மணலிலோ நீண்டு மெலிந்த வேர் முழுதாக வெளிவரும். கிளிஞ்சல் கலந்த கடலோர மணலில் எடுத்த வேருக்குத் தனி மதிப்பு இருந்தது. அலிசரின் துணியில் நிலைபெறப் படிகாரத்திலுள்ள அலுமினியத்தோடு கால்சியமும் சேர வேண்டும் என்று வேதியியல் பின்னாளில் கண்டதை வைத்துப் பார்த்தால், அம்மதிப்பு வெறும் நம்பிக்கையன்று.

சாயவேரின் அருமையை ஐரோப்பியர் விரைவில் உணர்ந்தனர். இலங்கையில் டச்சுக்காரர் ஆண்ட காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சாயவேர் தோண்டுவது அரசின் தனியுரிமையாக்கப்பட்டு, வேர்குத்திகள் எனப்பட்ட குடிகள்மீது அது கட்டாயக் கடமையாகச் சுமத்தப்பட்டது. மணலில் குனிந்து வேர் பறித்த அந்த மக்களின் உழைப்பைச் சொல்லாமல் இச்சிவப்பின் வரலாறு முழுமை பெறாது. பிரெஞ்சு இயேசுசபைத் துறவி கேர்தூ 1742இல் எழுதிய கடிதம், சாயவேர், கடுக்காய், எருமைப்பால் ஆகியவற்றைக் கொண்டு துணிக்கு நிறமேற்றும் முறையைப் படிப்படியாக ஐரோப்பாவுக்கு எடுத்துச் சென்றது. தாவரவியலார் வில்லியம் ராக்ஸ்பர்க் 1795இல் வெளியிடத் தொடங்கிய சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய பெருநூலின் தொடக்கப் படங்களுள் ஒன்று இந்தச் சாயவேர்ச் செடி.

கேர்தூ குறித்த கடுக்காய், ஜவ்வாது மலைக்காடுகளில் விளையும் மரத்தின் கனி. அதன் சதைப்பகுதியில், பாரன்கைமா எனப்படும் மெல்லிய சுவருள்ள சேமிப்பு அணுக்களின் நுண்குமிழ்களில், துவர்ப்புப் பொருளாகிய டானின் நிறைந்துள்ளது. நுண்குமிழ் என்பது அணுவுக்குள் நீரும் கரைபொருள்களும் தேங்கும் பை. காய் முற்றுமுன் விலங்குகள் கடித்துவிடாமல் காப்பது துவர்ப்பின் பணி. நடுவேயுள்ள கொட்டை கல்போன்ற சுவருடைய அணுக்களால் ஆனது, அதில் சாயக்காரருக்குப் பயனில்லை. அவர் கொட்டையை நீக்கிச் சதையை மட்டும் இடித்தார். சித்த மருத்துவரும் கடுக்காயில் கொட்டையையும் சுக்கில் மேல்தோலையும் களைகிறார் என்பதை நோக்கினால், உறுப்புக்குள் பகுதி பிரித்து அறியும் பழக்கம் ஒரு தொழிலுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பது விளங்கும். பருத்தியில் கடுக்காய்நீரின் டானின் முதலில் படிய, அதன்மேல் படிகாரம் பற்ற, அதன்மேல் சாயம் பற்றியது. இவ்வாறு நிறத்தை இழையோடு பிணைக்கும் பொருளை நிறமூன்றி என்பர். அதே மரத்திலிருந்து கடைச்சரக்காக வரும் கடுக்காய்ப்பூ உண்மையில் பூவே அன்று: பூச்சியின் தூண்டுதலால் இலைத்திசு கட்டுக்கடங்காமல் பெருகி உண்டாகும் வீக்கம் அது. தாக்கப்பட்ட இலை அங்கே டானினைக் குவிக்கிறது. மஞ்சள் சாயம் போடுவோர் அதைத் தேடி வாங்கினர். காயா மரத்தின் இலை இன்னொரு வகையில் உதவியது. அம்மரம் மண்ணிலிருந்து அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்க்கும் இயல்புடையது என்பதால், அவ்விலையைக் கடுக்காயோடும் பதங்க மரக்கட்டையோடும் கூட்டிக் கோரைப்பாய்களுக்குச் சிவப்பு ஏற்றினர். செடியே படிகாரத்தின் வேலையைச் செய்தது.

மஸ்லினின் காலம் மங்கி ஆரணித் தறிகள் பட்டுக்கு மாறியபோது, இழையின் இயல்பே மாறியது. பட்டு ஒரு புரதம். அதன் மூலக்கூறில் சாயம் பற்றிக்கொள்ளும் இடங்கள் மிகுதியாக இருப்பதால், பருத்திக்குத் தேவைப்பட்ட நீண்ட முன்னேற்பாடுகளில் பல தேவையற்றுப் போயின. எனினும் இந்தப் புரதமும் ஓர் இலையிலிருந்தே வருகிறது. முசுக்கொட்டை இலையை ஒடித்தால் கசியும் பால், பாற்குழாய்கள் என்ற தனித்த அணுக்களில் அழுத்தத்தோடு அடைபட்டிருப்பது. கடிக்கும் புழுவின் வாயில் பீறிட்டு அதைத் துரத்துவதற்கே அக்குழாய்கள் நரம்புகளையொட்டி ஓடுகின்றன. அப்பாலில் சர்க்கரையைப்போல் உருக்கொண்ட ஆல்கலாய்டுகள் உள்ளன என்றும், பிற புழுக்களை வாட்டும் அவை பட்டுப்புழுவுக்குத் தீங்கு செய்வதில்லை என்றும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் காட்டினர். சென்னையில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 1790களில் முசுக்கொட்டையைக் கருநாடகப் பகுதியெங்கும் பரப்பப் பெரிதும் முயன்றும் அது இங்கே வேரூன்றவில்லை. ஆரணிக்கும் காஞ்சிக்கும் கச்சாப் பட்டு மைசூர்ப் பக்கத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது. பட்டுப்புழுவின் உள்ளுறுப்புகளை 1669இல் அறுத்து ஆராய்ந்து எழுதிய இத்தாலிய மருத்துவர் மார்செல்லோ மல்பீகிதான், 1675இல் தாவர உள்ளமைப்பைப் பற்றிய முதல் பெருநூல்களுள் ஒன்றையும் வெளியிட்டார் என்பதும், புழுவின் காற்றுக்குழல்களை நினைவூட்டிய சுருள்குழாய்களைத் தண்டில் கண்டு அவற்றுக்கும் அதே பெயரை வைத்தார் என்பதும் இவ்விடத்தில் குறிக்கத் தக்கவை.

பட்டுக்கென்றே வாய்த்த மலைச்சரக்கு கபிலப்பொடி. கிழக்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வளரும் கபில மரத்தின் சிறு காய்களை மூடியிருக்கும் செந்தூள், பார்வைக்கு மகரந்தம்போல் தோன்றினாலும், உண்மையில் காயின் புறத்தோல் அணுக்கள் வெளிநோக்கி நீண்டு உருண்ட சுரப்பிமயிர்கள். புறத்தோல் என்பது உறுப்பின் வெளியடுக்கு. நீரிழப்பைத் தடுப்பதும், பூச்சிகளை முதலில் எதிர்கொள்வதும் அதன் பணி என்பதால், பிசின்போன்ற பொருளைச் சுரந்து வைக்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நிறம் வெளியடுக்கின் மயிர்களில் மட்டும் இருந்ததனால், இடிக்கவும் கொதிக்கவைத்து வடிக்கவும் தேவை இருக்கவில்லை. பழுத்த காய்களைக் கூடையிலிட்டு உருட்டித் தேய்த்தாலே பொடி உதிர்ந்தது. பிசின் என்பதால் அது நீரில் கரையாது, காரத்தில் கரையும். ஆகவே நான்கு பங்கு பொடிக்கு இரண்டு பங்கு சவுக்காரமும் ஒரு பங்கு படிகாரமும் சிறிது நல்லெண்ணெயும் சேர்த்துப் பட்டோடு கொதிக்கவைத்த முறையை ராக்ஸ்பர்க் பதிவு செய்தார். கிடைத்தது அணையாத ஆரஞ்சு நிறம். அவர் இம்மரத்துக்குச் சூட்டிய பெயர், தரங்கம்பாடியில் பணியாற்றித் தமிழ் அகராதியும் தொகுத்த பாதிரியார் ரோட்லரின் பெயரையொட்டி அமைந்தது. நிறப்பொருளுக்கும் ரோட்லெரின் என்ற பெயரே நிலைத்தது.

மஞ்சளின் செய்தி வேறு. அது வேரன்று, மண்ணுக்குள் கிடைமட்டமாக வளரும் தண்டு. அடுத்த பருவத்துக்கு வேண்டிய மாவுப்பொருளைச் சேமிக்கும் கிடங்கு. மஞ்சள் நிறம் அந்த மாவு அணுக்களுக்கிடையே ஆங்காங்கே சிதறியுள்ள தனி அணுக்களில் அடங்கியிருக்கிறது. அறுவடைக்குப்பின் கிழங்கை வேகவைக்கும் வழக்கம் முளைக்கும் திறனை அழிப்பதோடு, மாவைக் கூழாக்கி நிறத்தை எங்கும் ஒரே சீராகப் பரப்பிவிடுகிறது. வெயிலில் வெளுக்கும் நிறம் என்பதால் பட்டுக்கு அது தனித்து நிற்கவில்லை. வேறு நிறங்களுக்கு அடித்தளமாக நின்றது.

மரத்தின் நடுவிலுள்ள நிறத்துக்கும் ஓர் இடம் உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறத்தில் உறுதி கொண்டவற்றைப் புல் என்றும் உட்புறத்தில் உறுதி கொண்டவற்றை மரம் என்றும் வகுத்தது. பனையும் மூங்கிலும் முதல் வகையில் அடங்க, ஆண்டுதோறும் உள்நோக்கி வைரம் பாயும் மரங்கள் இரண்டாம் வகையாயின. உள்ளமைப்பை அடிப்படையாகக் கொண்டு தாவரங்களைப் பிரித்த இவ்வகைப்பாடு, ஒருவித்திலை, இருவித்திலை என்னும் இன்றைய பிரிவோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. வைரம் என்பது நீர் கடத்தும் வேலையை முடித்து ஓய்ந்த கட்டை. அங்குள்ள உயிரணுக்கள் இறக்குமுன் தம்மிடமிருந்த பொருள்களை நிறமும் கசப்பும் உடையவையாக மாற்றி விட்டுச் செல்வதால், பூஞ்சையும் கரையானும் எளிதில் அண்டுவதில்லை. பதங்க மரத்தின் சிவப்பு இவ்வாறு வைரத்தில் மட்டும் சேர்வது; வெளுத்த வெளிக்கட்டையைச் செதுக்கி எறிந்துவிட்டு உட்கட்டையைச் சீவி ஊறவைத்தனர். அதைவிட நிலைத்த சிவப்பு அரக்கிலிருந்து வந்தது. அரக்குப்பூச்சி புரசு, இலந்தை முதலிய மரங்களின் இளங்கிளையில் அலகைச் செலுத்தி, ஃபுளோயத்தில் ஓடும் சர்க்கரைநீரை உண்டு வாழ்வது. முற்றிய கிளையின் தடித்த பட்டை அதன் அலகுக்கு எட்டாது என்பதால், மரத்தைக் கழித்துவிட்டுப் புதுத்தளிர் வரச்செய்வது அரக்கு வளர்ப்பின் முதல் வேலை. பட்டுச்சேலையின் அரக்குச் சிவப்புக்கு அடியிலும் ஒரு தாவரத் திசு இருந்தது.

நீலம் இவையனைத்திலிருந்தும் வேறுபட்டு நின்றது, ஏனெனில் அவுரி இலையில் நீலம் இல்லை. இலையணுவில் இருப்பது நிறமற்ற இண்டிகான். அதைப் பிளக்கும் நொதி வேறோர் அறையில் இருக்கிறது. ஜப்பானில் நீலத்துக்காகப் பயிரிடப்படும் மற்றொரு செடியை 1990களில் ஆராய்ந்தவர்கள், இண்டிகான் நுண்குமிழிலும், நொதி ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்திலும் பிரித்து வைக்கப்பட்டிருப்பதைக் கண்டனர். இலை நசுங்கும்போது அறைச்சுவர்கள் உடைந்து இரண்டும் கலக்க, உண்டாகும் பொருள் காற்றுப்பட்டு நீலமாகிறது. நீலத்தொட்டிகளில் இலையை ஊறவைத்ததும், பின்பு அந்நீரை மணிக்கணக்கில் அடித்துக் காற்றேற்றியதும் இந்த இரு படிகளையே நிகழ்த்தின. இலையே கருவூலம் என்பதால், பூக்கத் தொடங்கும் பருவத்தில், இலை உதிருமுன் அறுத்தனர். வங்காளத்தில் பச்சை இலையை உடனே தொட்டியிலிட்டபோது, சென்னை மாகாணத்தில் இலையை வெயிலில் உலர்த்தி, தண்டிலிருந்து அடித்துப் பிரித்து, பச்சை மாறிச் சாம்பல்நீலம் பாயும்வரை சில வாரங்கள் வைத்திருந்து, பின்பு குறைந்த நேரமே ஊறவைத்தனர். மழை குறைந்த ஆர்க்காட்டு, கடப்பைப் பகுதிகளுக்கு இம்முறை பொருந்தியது: அறுத்த அன்றே தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டிய நெருக்கடி உழவருக்கு இல்லை. ராக்ஸ்பர்க் வெப்பாலை மரத்தின் இலையிலும் நீலம் எடுத்தார். அவ்விலை குளிர்நீரில் எளிதில் இசையாததால் நீரைச் சூடாக்க வேண்டியிருந்தது.

செடியின் உறுப்பறிந்து நிறம் எடுத்த இந்த அறிவின் மதிப்பை வீழ்த்தியது ஜெர்மனி. அந்நாட்டு வேதியியலார் கிரேபேயும் லீபர்மானும் 1868இல் அலிசரினை நிலக்கரித் தாரின் ஆந்த்ரசீனிலிருந்து ஆக்கினர். அடுத்த ஆண்டே அதன் தொழில்முறைக்கு உரிமம் கோரப்பட்டது. பாடிஷே நிறுவனம் 1897இல் செயற்கை நீலத்தைச் சந்தைக்கு அனுப்பியது. எட்வின் ஹோல்டர் 1896இல் சென்னை மாகாணச் சாயங்களைப் பற்றியும், எட்கர் தர்ஸ்டன் 1899இல் பட்டுநெசவைப் பற்றியும் தனிநூல்கள் எழுதிய காலத்தில் தகர டப்பாவில் வந்த பொடிகள் சாயச்சாலைகளுக்குள் புகுந்துவிட்டிருந்தன. நூலைக் காய்ச்சும் பாத்திரமும் உழைப்பும் அப்படியே இருக்க, வேரின் தடிமனையும் இலையின் பருவத்தையும் பார்த்தறியும் கண்ணுக்கு மட்டும் வேலை இல்லாமற்போனது. சாயவேர் தோண்டியவர், கபிலப்பொடி உதிர்த்த மலைவாழ் மக்கள், அவுரி உழவர் ஆகியோரின் வருமானம் குறைந்தது ஒரு பக்கம். ஒரு நிறம் செடியின் எந்தப் பகுதியிலிருந்து ஏன் வருகிறது என்று தலைமுறைகளாகத் திரண்டிருந்த தெளிவு, முழுமையாக எழுதிவைக்கப்படாமலே கரைந்தது மறுபக்கம். இரண்டாவது இழப்பை ஈடுசெய்வது கடினம். புதிய சாயங்களிலும் கேடு இல்லாமல் இல்லை. தோலுக்கும் உடலுக்கும் தீங்கு தரும் அசோ வகைச் செயற்கைச் சாயங்கள் 70ஐ இந்திய அரசு 1997இல் தடைசெய்தது.

கடுக்காய் இன்றும் ஜவ்வாது மலையிலிருந்து இறங்குகிறது. தோல் பதனிடும் தொழிலில் அதன் டானினுக்குத் தேவை இருக்கிறது. ஆவாரம்பட்டை அத்தொழிலில் ஒருகாலத்தில் பெற்றிருந்த இடத்தை வாட்டில் பட்டை பெருமளவு பிடித்துக்கொண்டது. அவுரி திண்டிவனம் பக்கத்து வயல்களில் எஞ்சியிருக்கிறது. உலர்ந்த இலையைப் பொடியாக்கி, மருதாணிப் பொடியோடு முடிக்கு இடும் கருமைக்காக நாட்டின் பிற பகுதிகளுக்கும் வெளிநாடுகளுக்கும் அனுப்புகின்றனர். அப்பொடிக்கு வேண்டிய இலையைச் சாம்பல்நீலம் பாயும்வரை விட்டுவைக்கக் கூடாது: பச்சை மாறாமல் விரைவாக உலர்த்தினால்தான் இண்டிகானும் நொதியும் பிரிந்தபடியே தங்கி, தண்ணீர் விட்டுக் குழைத்த பின் கலக்கும். குழைத்த பொடியை நெடுநேரம் வைத்திருந்தால் நீலம் கிண்ணத்திலேயே உண்டாகி முடிக்குள் இறங்காமற்போவதால், அதைக் கலந்த சிறிது நேரத்திலேயே பயன்படுத்த வேண்டும் என்று விற்போர் அறிவுறுத்துகின்றனர்.